பாகுப் பதத்தில் ஒரு பாறைப் பாடம்

கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார். பாகு முற்றியிருந்தால் அது சட்டென்று இறுகி, வளைத்ததும் படக்கென உடையும். அவர் விரலில் இருப்பது சர்க்கரைக் கண்ணாடி. எரிமலைக் குழம்பு படிகமாக அவகாசமின்றி விரைந்து குளிர்ந்தால் கிடைக்கும் அப்சிடியனும் இப்படிப் பிறந்த கண்ணாடிதான்.

பனங்கற்கண்டு செய்கிறவர்களோ பானைக்குள் நூல் கட்டி, பாகை ஊற்றி, வாரக்கணக்கில் அசைக்காமல் விடுகிறார்கள். நூலைச் சுற்றிப் பெரிய படிகங்கள் விளைகின்றன. நிலத்தின் ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்ந்த கிரானைட்டின் மணிகள் வெறும் கண்ணுக்கே தெரிவதும், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் வழிந்தோடி வேகமாக உறைந்த பசால்ட்டின் மணிகளுக்கு லென்ஸ் தேவைப்படுவதும் இதனால்தான். ஆனால் ஒன்றை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது: கற்கண்டு கரைசலிலிருந்து பிரிவது, கிரானைட் உருகிய குழம்பு உறைவது. கற்கண்டுக்கு நெருங்கிய உறவு உப்பளத்து உப்புதான். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே கண்டுபிடித்தால் தீப்பாறை பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

படிவுப் பாறைக்குப் பொரி உருண்டை போதும். பொரி மணல், வெல்லப்பாகு ஒட்டும் பசை. இயற்கையில் அந்தப் பசையை நிலத்தடி நீர் கரைத்துக் கொண்டுவரும் சுண்ணமும் சிலிக்காவும் தருகின்றன. பொரிக்குப் பதில் முழுக்கடலை என்றால், கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல் சிப்பிகள் கிடைப்பதும், அங்கே ஒருகாலத்தில் கடல் இருந்து வண்டல் படிந்ததால்தான்.

உருமாறிய பாறையில்தான் பல பாடங்கள் தவறுகின்றன. சாக்லேட்டை உருக்கிக் காட்டுகிறார்கள். உருகிவிட்டால் அது மறுபடி தீப்பாறைக் கதை. சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாகும்போது திடமாக இருந்தபடியே உள்ளமைப்பு மாறுகிறது. நான் சப்பாத்தி மாவைச் சொல்வேன். வெறும் மாவு ஓர் அடுக்கு, பீட்ரூட் சாறு சேர்த்தது ஓர் அடுக்கு எனப் பலமுறை அடுக்கி, இரு பக்கமும் உள்ளங்கையால் நெருக்க வேண்டும். கத்தியால் குறுக்கே அறுத்தால் வரிகள் வளைந்து மடிந்திருக்கும். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் நைஸ் பாறை காட்டும் வரிகள் இதே வடிவம்தான். பிறகு தோசைக்கல்லில் போட்டால், உருகாமலேயே மாவு வேறொன்றாகிறது. வரிகள் மட்டும் அழிவதில்லை. அறுத்த முகத்தை நோட்டில் வரைந்து முடிக்கும்வரை யாரும் தின்னக் கூடாது.