பெயர் கேட்காமலே உங்களைக் கண்டுபிடிக்கும் கணக்கு

எபிசோட்டில் ‘மல்டி-வியூ கிளஸ்டரிங்’ எண்டு சொல்லிப்போட்டு ஓடிவிட்டோம். கனபேர் கேட்டதால் கொஞ்சம் விரிவாக.

கிளஸ்டரிங் எண்டால், யார் எந்தக் குழு என்று முன்கூட்டிச் சொல்லித் தராமலே, ஒத்தவர்களைக் கணினி ஒன்றுசேர்ப்பது. லாச்சப்பல் மெட்ரோவில் இறங்கி ஃபோபூர் சான்-தெனி வீதியில் நடக்கிற சனத்தை எடுங்கோ. பாஸ்போர்ட்டை வைத்துப் பிரித்தால் ‘தமிழர்’ என்று ஒரு குழு வராது. புதுச்சேரிக் குடும்பங்கள் சில, 1962-இல் கையளிப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோதே பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவை. 80களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமா இலங்கையர். இங்கேயே பிறந்த நீங்கள் பிரெஞ்சு. ஆனால் கடை ரசீதைப் பாருங்கோ: நல்லெண்ணெய், முருங்கைக்காய், கறிவேப்பிலை. மாணிக்க விநாயகர் தேர் அன்று போன் எங்கே நிற்குது என்று பாருங்கோ. மூன்று பேரும் கிட்ட வந்துவிடுவினம்.

ஒரே ஆளைப் பற்றிய இப்படியான ஒவ்வொரு பக்கமும் ஒரு ‘வியூ’. எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கொட்டலாம்தான், ஆனால் நிரல்கள் கூடின வியூ மற்றதை அமுக்கிவிடும். 2004-இல் ஸ்டெஃபன் பிக்கல், டோபியாஸ் ஷெஃபர் இருவரும் காட்டிய வழி வேறு. ரசீதுகளை வைத்துப் பிரித்த குழுக்களை போன் வியூவிடம் கொடுக்க வேண்டும். அது தன் கணக்கில் ஒவ்வொரு குழுவுக்கும் நடுப்புள்ளி போட்டு, ஆட்களை இடம் மாற்றி, திருப்பி ரசீதிடம் கொடுக்கும். பெரிய முன்னேற்றம் இல்லாமல் போகும்வரை இதே மாறி மாறி. ஒன்று விடுகிற பிழையை மற்றது திருத்தும். அதற்கு இரண்டும் ஒரே மாதிரிப் பிழை விடக்கூடாது. வீட்டு விலாசமும் போஸ்டல் கோடும் இரண்டு வியூ இல்லை!

இந்த அடிப்படை யோசனை 1998-இல் அவ்ரிம் ப்ளம், டாம் மிட்சல் எழுதியது. அவர்கள் எடுத்தது வலைப்பக்கங்கள்: பக்கத்தில் உள்ள சொற்கள் ஒரு வியூ, அதை நோக்கி வருகிற லிங்குகளின் சொற்கள் இன்னொன்று.

பிரான்சில் இதை யோசித்துச் செய்யவேணும். 1978-ஆம் ஆண்டுச் சட்டம் இன மூலத்தை வெளிப்படுத்தும் டேட்டாவைக் கையாள, சில விதிவிலக்குகள் தவிர, தடை விதிக்கிறது. 2007 நவம்பரில் அரசியலமைப்பு மன்றமும், ஆய்வுகள் இன மூலத்தை அடிப்படையாகக் கொள்ளமுடியாது என்றது. ‘நாங்கள் இனத்தைக் கேட்கவே இல்லையே’ என்று ஒரு கம்பெனி சொல்லலாம். அந்தச் சாட்டு எடுபடாது என்பது என் கணிப்பு. 2022 ஆகஸ்ட் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், துணைவரின் பெயரை வெளியிட்டால் ஒருவரின் பாலியல் நாட்டத்தை ஊகிக்கலாம் என்பதால், அந்தப் பெயர்கூட சென்சிட்டிவ் டேட்டாதான் என்று தீர்ப்பளித்தது.

திரையில் ‘கிளஸ்டர் 7’ என்றுதான் வரும். அதற்குள் யார் எண்டு அறிய நாலு பெயரை வாசித்தால் போதும். அதனால் இரண்டு டேபிளை ஜாயின் பண்ணச் சொன்னால், ‘சேர்ந்தபிறகு இதில் என்ன தெரியவரும்?’ என்று முதலில் கேளுங்கோ. கோட் பிறகு எழுதலாம்.