சிப்பாயின் குடும்பமும் உபகாரச் சம்பளமும்

பவானியிலும் அதனைச் சூழ்ந்த கொங்கு நாட்டுக் கிராமங்களிலும் பட்டாளத்திற்குச் சென்ற முன்னோரைப் பற்றிய கதைகள் பல வீடுகளில் வழங்கி வருகின்றன. அவர் எந்தச் சீமையில் சண்டையிட்டார் என்பது பேரப் பிள்ளைகளுக்கும் ஞாபகமிருக்கிறது. திரும்பி வராதவரின் மனைவி மக்கள் எதைக் கொண்டு ஜீவித்தார்கள் என்று சொல்ல வல்லவர் மிகச் சிலரே. அக்குடும்பங்களின் கதி, பட்டாளத்துப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்த இரண்டொரு வரிகளைப் பொறுத்தே பெரும்பாலும் நின்றது. ஆகையால் ஐக்கிய நாணய சங்கத்து அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை அறிந்துகொள்ளுதல் நலம்.

1790-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் திப்பு சுல்தான் கஜலஹட்டிக் கணவாய் வழியாக இறங்கி, பவானி நதி தீரத்தில் சத்தியமங்கலத்தருகே கர்னல் பிளாய்டின் படையைத் தாக்கினார். அப்படையில் வெள்ளைக்காரச் சோல்ஜர்களுடன் சென்னை ராஜதானியின் சுதேசி சிப்பாய்களும் நின்று போரிட்டனர். அக்காலத்துச் சென்னைச் சிப்பாய் தன் குடும்பத்தை ஊரில் விட்டுச் செல்வது அரிது. பட்டாளம் எங்கே தங்கினாலும் அதன் அருகே குடிசை கட்டிக்கொண்டு மனைவி மக்களும் வாசம் செய்தனர். எனவே சிப்பாய் இறந்துபட்டால், அந்த ஸ்திரீ பந்துக்கள் ஒருவரும் இல்லாத ஊரில் விதவையாக நின்றாள்.

1811-ல் ஜாவாவுக்கும் 1824-ல் பர்மாவுக்கும் சென்னைப் பட்டாளங்கள் கப்பலேறிய போது குடும்பங்கள் இங்கேயே தங்க நேர்ந்தது. சம்பளத்தில் ஒரு பாகத்தை வீட்டாருக்குக் கொடுக்கும்படி சிப்பாய் எழுதிவைத்துச் சென்றான். அவன் இறந்தால் அந்தப் பாகம் நின்றுவிடும். பிறகு உபகாரச் சம்பளம் உண்டா இல்லையா என்பது அவன் எவ்விதம் இறந்தான் என்பதைப் பொறுத்தது. போர்க்களத்திலோ, பட்ட காயத்தினாலோ, அந்நிய தேசச் சேவையிலோ இறந்தவரின் வாரிசுக்கே பொதுவாக அது கிடைத்தது. சொந்தப் பாளையத்தில் வாந்திபேதியினாலோ ஜுரத்தினாலோ மாண்டவனின் மனைவிக்கு அந்த உரிமை இல்லை. அவனும் அதே உடுப்பை அணிந்து, அதே சம்பளத்திற்கு, அத்தனை வருஷம் உழைத்தவன்தான்.

பிள்ளைகள் விஷயத்தில் சென்னைப் பட்டாளங்களில் ஒரு விசேஷ ஏற்பாடு இருந்தது. சிப்பாய்களின் பையன்களை ‘ரெக்ரூட் பாய்’ என்று பேர் பதிந்து, சிறு சம்பளம் கொடுத்து வளர்த்து, பிராயம் வந்ததும் சிப்பாயாகச் சேர்த்துக்கொண்டனர். தகப்பனை இழந்த பையன்களை ‘பென்ஷன் பாய்’ என்று பதிவதும் உண்டு. இதனால் பல சிறுவர்கள் பசியினின்று தப்பினார்கள் என்பது மெய்யே. பட்டாளத்திற்கு ஆள் கிடைத்ததும் மெய்யே. பெண் குழந்தைகளுக்கு இவ்விதமான இடம் ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரச் சோல்ஜர்களின் குடும்பங்களுக்கு வேறு வழிகள் இருந்தன. வங்காள நவாப் மீர் ஜாபர் தமக்கு விட்டுச் சென்ற 5 லட்சம் ரூபாயைக் கொண்டு, கிளைவ் பிரபு 1770-ல் ஒரு தர்ம நிதி ஏற்படுத்தினார். கும்பினியின் ஐரோப்பியப் படையில் அங்கஹீனமடைந்தோருக்கும் விதவைகளுக்கும் அதிலிருந்து உதவி கிடைத்தது. நவாபின் பணம் சுதேசி சிப்பாயின் விதவைக்கு எட்டவில்லை. கும்பினியின் ஆட்சி ஒழிந்தபின், அந்த நிதியின் மூலதனம் கிளைவின் வாரிசுகளையே சேர்ந்தது என்று 1863-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது!

இங்கிலாந்திலும் சாதாரணச் சோல்ஜரின் விதவை சுகமாக வாழ்ந்தாள் என்று எண்ண வேண்டாம். பட்டாளத்தின் அனுமதி பெற்று மணந்தவளே கணக்கில் சேர்ந்தவள். அத்தகையவர்களுக்கும் 1901-ல்தான் சர்க்கார் உபகாரச் சம்பளம் பொதுவாக ஏற்பட்டது. அதுவரை தர்மப் பணமே கதி.

சோல்ஜர்களின் அநாதைப் பையன்களுக்காகச் சென்னை எழும்பூரில் ஒரு விடுதி இருந்தது. அவர்களில் பலருக்குத் தாய் இந்நாட்டு ஸ்திரீ. 1789-ல் அதன் தலைமையை ஏற்ற பெல் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதைத் தம் விடுதியில் புகுத்தினார். ஒரு சோல்ஜரின் எட்டு வயது மகனையே மற்றப் பிள்ளைகளுக்கு உபாத்தியாயராக்கினார். நமது திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளையை ஒத்த இம்முறை பின்னர் இங்கிலாந்தில் ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. 1794-ல் சென்னையில் ஏற்பட்ட சர்வே பள்ளிக்கும் இவ்விடுதிப் பையன்களே எடுக்கப்பட்டனர். மைசூர் நாட்டைக் கர்னல் மெக்கன்சி அளந்தபோது சங்கிலி பிடித்தவர்களில் இவர்களும் உண்டு. 1858-ல் உதகமண்டலத்தில் லாரன்ஸ் அநாதை விடுதி திறக்கப்பட்டது. அப்பொழுது நீலகிரி நமது கோயமுத்தூர் ஜில்லாவின் ஒரு பகுதி.

முதல் உலக யுத்தத்தில் இந்தியப் படையினர் சுமார் 74,000 பேரும், இரண்டாவதில் சுமார் 87,000 பேரும் உயிரிழந்தனர். விதவைகளின் தொகை பெருகவே, 1919-ல் இந்திய சோல்ஜர்ஸ் போர்டும், ஜில்லாக்களில் அதன் கிளைகளும் ஏற்பட்டன. ஆயினும் பழைய சங்கடம் தீரவில்லை. சிப்பாய் சேரும்போது அவனுடைய வாரிசை ‘ஷீட் ரோல்’ என்னும் ஏட்டில் குறிப்பார்கள். பதினெட்டு வயதில் சேர்ந்தவன் தகப்பனார் பெயரைச் சொல்லியிருப்பான். பின்பு விவாகமாகியும் அதைத் திருத்தாமல் விட்டால், வீட்டில் மாமனாருக்கும் மருமகளுக்கும் மனஸ்தாபம் விளைய அதுவே போதும். மறுவிவாகம் செய்துகொண்டால் விதவையின் உபகாரச் சம்பளம் அக்காலத்தில் பெரும்பாலும் நின்றுவிட்டது.

இன்னொரு துயரம், இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாமை. 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தபின் சிறைப்பட்டவர்களின் குடும்பங்கள் வருஷக் கணக்கில் கடிதமின்றிக் காத்திருந்தன. 7 வருஷம் செய்தியில்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்றது 1872-ன் சாட்சியச் சட்டம். பட்டாள அதிகாரிகள் அதற்கு முன்னரும் முடிவு செய்யக்கூடும். அம்முடிவு வரும்வரை அவள் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்பதற்கு எந்தச் சட்டமும் விடை சொல்லவில்லை.

கடன் சம்பந்தமாக ஒன்று சொல்ல வேண்டும். 1871-ன் பென்ஷன் சட்டம் இன்றும் அமலில் உள்ளது. அதன் 11-ஆம் பிரிவின்படி உபகாரச் சம்பளத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது. இனி வரவேண்டிய தொகையை முன்கூட்டியே பிறருக்கு எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது என்கிறது 12-ஆம் பிரிவு. விதவையின் பென்ஷன் புஸ்தகத்தை அடகாக வாங்கி வைத்துக்கொள்ளும் லேவாதேவிக்காரருக்கு அதனால் சட்டபூர்வமான உரிமை ஒன்றும் பிறப்பதில்லை. சங்கமும் அதை ஈடாக ஏற்கலாகாது. யுத்த சேவையிலிருக்கும் சிப்பாயின் பேரில் வழக்கு நடந்தால், அதை நிறுத்திவைக்க 1925-ன் இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் இடமளிக்கிறது.

நமது சங்கங்களிலும் இதற்கு ஒப்பான ஓர் ஏடு இருக்கிறது. அங்கத்தினர் இறந்தால் அவருடைய பங்குத்தொகை அவர் நியமித்தவருக்குச் சேரலாம் என்று 1912-ன் ஐக்கிய சங்கச் சட்டமே கூறிற்று. நியமனக் கட்டத்தில் இன்னும் பழைய பெயரே நிற்கிறதா என்று காரியதரிசிகள் பார்ப்பார்களாக. பட்டாளத்தில் மகனோ கணவனோ உள்ள குடும்பத்தார் விவாகப் பதிவு, பிள்ளைகளின் ஜனனப் பதிவு, பட்டாள எண் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்திருத்தல் வேண்டும். பவானிப் பகுதியார் ஐயம் கேட்கவேண்டிய இடம் ஈரோட்டிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம்.