உங்களுக்குத் தெரியுமா? தென்காசிச் சீமையும் சர்வதேச உறவுப் படிப்பும்

எம்.ஏ. சர்வதேச உறவுகள் படிக்கப் போகிறேன் என்று இலத்தூர்ப் பக்கம் ஒரு பிள்ளை சொன்னால், "அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறோம். முதலில் ஊர்ச் சங்கதி.

● 1947-ல் செங்கோட்டை வெளிநாடாகப் போயிருக்க வேண்டியது. ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் யாரோடும் சேராது, தனி நாடாகவே நிற்கும் என்று ஜூன் மாதம் அதன் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். செங்கோட்டைத் தாலுகா அப்போது திருவிதாங்கூரில் இருந்தது; தென்காசி சென்னை மாகாணத்தில். சி.பி. சும்மா சவடால் விடவில்லை. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி ஒருவரைப் பாகிஸ்தானுக்குப் பிரதிநிதியாகவே நியமித்தார், ஜின்னாவும் வரவேற்றார். இந்தத் தைரியத்துக்கு ஒரு காரணம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல். அதிலுள்ள மோனசைட்டிலிருந்து தோரியம் எடுக்கலாம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அந்த மணல்மேல் வல்லரசுகளுக்கு ஒரு கண். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றுக்குப் போன இடத்தில் சி.பி. வெட்டுப்பட்டார். உயிர் பிழைத்தார், தனி நாடு பிழைக்கவில்லை. சில நாளிலேயே மகாராஜா இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். இறையாண்மை, அங்கீகாரம், கனிம வள அரசியல் என்று எம்.ஏ.வில் தனித்தனித் தாளாக வருவதெல்லாம் இந்த ஏழு வாரக் கதைக்குள் இருக்கிறது. ஆனால் பாடப்புத்தகத்தில் உதாரணம் என்னவோ பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்துதான் வரும்.

● செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் கேரளத்திலேயே நின்றுவிட்டது.

● வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். ஆங்கிலேய நேரடி ஆட்சிக்கு வெளியே, திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பிறந்தவர். அதே சமஸ்தானத்தின் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். துப்பாக்கிப் பயிற்சி எடுத்தது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரிட்டிஷ் இந்தியாவின் மணியாச்சி ஜங்ஷனில், 1911 ஜூன் 17 அன்று. ஒரு கொலை வழக்குக்குள் மூன்று அரசுகளின் எல்லை. புதுச்சேரிக்குள் நுழைந்து யாரையும் கைது செய்ய முடியாமல், பிரிட்டிஷ் போலீஸ் ஒற்றர்களை மட்டும் அனுப்பிக் காத்துக்கிடந்தது.

● அதே புதுச்சேரியில் பத்து வருடம் அடைக்கலமாக இருந்த பாரதி, 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டியதும் கடலூரில் கைதானார். விடுதலையானதும் நேரே வந்தது மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்துக்கு, அதாவது இன்றைய தென்காசி மாவட்டத்துக்கு. 1904-ல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலை, வெளிநாட்டுத் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவது. பெல்ஜியம், ருஷ்யா, பிஜித் தீவுக் கரும்புத் தோட்டம் என்று உலக நடப்பைப் பாட்டில் பாடியதற்கு அந்தப் பழக்கம் நன்றாக உதவியிருக்கும். பட்டம் இல்லாமலே இத்துறையைத் தமிழில் நடத்தியவர் என்று அவரைச் சொன்னால் தப்பில்லை.

● சாரல் சீசனில் குற்றாலத்துப் பழக்கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான் குவித்திருப்பார்கள். பக்கத்திலேயே ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு பொட்டலங்கள். இதில் ஜாதிக்காயும் கிராம்பும் மொலுக்காஸ் தீவுகளின் சொத்து. டச்சுக்காரர்கள் செடியைக்கூட வெளியே விடாமல் ஏகபோகம் நடத்தினார்கள். 1796-ல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்ததும் நாற்றுகள் அவர்கள் கைக்கு வந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டது. இன்னொரு தகவலும் இதோடு சேரும். 1667-ல் பிரெடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர் ரன் என்ற குட்டி ஜாதிக்காய்த் தீவை டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மன்ஹாட்டன், இன்றைய நியூயார்க், ஆங்கிலேயர் கையில் நின்றது. அன்றைய கணக்குப்படி டச்சுக்காரர்களுக்குத்தான் லாபம்.

● "வெளிநாட்டு விவகாரம் டெல்லிக்காரர்களுக்குத்தான்" என்பவர்கள் கடையநல்லூர் வரை போய்ப் பார்க்கலாம். அங்கிருந்து சிங்கப்பூர் போன குடும்பங்கள் 1941-லேயே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் அமைத்தன. 1946-ல் அந்தச் சங்கம் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப் பள்ளியும் தொடங்கியது. புலம்பெயர் சமூகங்கள் பற்றி எம்.ஏ. ஆய்வேடு எழுத விரும்பும் மாணவருக்கு லத்தீன் அமெரிக்கா வரை தலைப்புத் தேட வேண்டிய அவசியம் இல்லை. தென்காசியில் டவுன் பஸ் ஏறினால் போதும்.

● கோட்டை, கொத்தளம், ராஜதந்திரம் எல்லாம் பழசு. ஆனால் சர்வதேச உறவுகள் என்ற துறைக்கு வயது நூறு சொச்சம்தான். முதல் பேராசிரியர் பதவி 1919-ல், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் என்ற கடலோரச் சிற்றூரில் உருவானது. முதல் உலகப் போரில் இத்தனை பேர் செத்த பிறகுதான், போர் ஏன் வருகிறது என்று உட்கார்ந்து படிக்கத் தோன்றியிருக்கிறது.

● இந்தியாவில் இதற்கென்று தனிப் பள்ளி 1955-ல் டெல்லி சப்ரு ஹவுஸில் தொடங்கியது: இந்தியன் ஸ்கூல் ஆஃப் இன்டர்நேஷனல் ஸ்டடீஸ். முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை, சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்தவர். அரசியல் அறிவியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் புரட்டிய 'தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்' அவர் எழுதியதுதான். அதே பள்ளி 1970-ல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் முனைவர் பட்டம் வாங்கியது ஜே.என்.யு.வில், சர்வதேச உறவுகளில். அவருடைய தந்தை கே. சுப்ரமணியம் திருச்சியில் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் வேதியியல் படித்தவர்; பிறகு நாட்டின் பாதுகாப்புச் சிந்தனைக்கே முன்னோடி ஆனார்.

● இப்போது வேலைக் கேள்விக்கு வருவோம். இந்திய வெளியுறவுப் பணிக்கு, அதாவது ஐ.எஃப்.எஸ்.ஸுக்கு, எம்.ஏ. சர்வதேச உறவுகள் கட்டாயம் இல்லை. எந்தப் பட்டமானாலும் சரி, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு எழுதலாம். இதைச் சொல்லாமலே பட்டத்தை விற்கிறவர்கள் உண்டு, எச்சரிக்கை. ஆனாலும் படிப்பு வீண் போகாது. மெயின் தேர்வில் 'அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும்' விருப்பப் பாடம். இரண்டு தாள், 500 மதிப்பெண். அதை எடுக்கிறவருக்கு எம்.ஏ.வில் படித்ததில் பாதி கை கொடுக்கும். பத்திரிகை, ஆய்வு நிறுவனம், தூதரகங்களில் உள்ளூர்ப் பணியாளர் வேலை, கல்லூரி ஆசிரியர் பணி என்று மற்ற வழிகளும் இருக்கின்றன. ஆசிரியராக விரும்புவோருக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் 'சர்வதேச மற்றும் வட்டார ஆய்வுகள்' தனிப் பாடமாகவே உண்டு.

● யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்திலும் தமிழில் பேசலாம். ஆனால் ஜே.என்.யு. எம்.ஏ.வுக்கு நுழைவாயிலான க்யூட் பி.ஜி. தேர்வின் வினாத்தாள், மொழிப் பாடங்கள் தவிர, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். அறிவில் குறை இல்லை, வினாத்தாளின் மொழி அப்படி. இதற்கென்று ஒரு வருடம் இங்கிலீஷ் பேப்பரின் தலையங்கப் பக்கத்தோடு மல்லுக்கட்டினால் சமாளிக்கலாம்.

● வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. குடகுக்காரர், படித்தது சென்னையில். கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும், செய்தால் வேலையை விடச் சொல்லலாம் என்பது அன்றைய விதி, அதுவும் பெண்களுக்கு மட்டும். பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அரசையே கோர்ட்டுக்கு இழுத்தார். 1979-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்த விதிகளை வெளுத்து வாங்கியது.

● 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் பேசப்பட்ட மலையகத் தமிழர் எண்ணிக்கை 9,75,000. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டத்து ஆட்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. அந்த மீதியை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதே வருடம்தான் கச்சத்தீவு ஒப்பந்தமும்.

● 1989-ல் உலக நாடுகள் பாசல் ஒப்பந்தம் என்று ஒன்று போட்டன. ஒரு நாட்டின் அபாயக் கழிவை இன்னொரு நாட்டில் கள்ளத்தனமாகக் கொட்டினால், அனுப்பிய நாடே திரும்ப எடுக்க வேண்டும். இதென்ன நமக்கு என்று தோன்றினால் 2024 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். நெல்லை மாவட்டம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கிடந்த கேரள மருத்துவக் கழிவை, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்ட பிறகு, கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிப்போனார்கள். மாநிலங்களுக்கு நடுவே பாசல் ஒப்பந்தம் கிடையாது, விதி என்னவோ அதே விதிதான்.

● முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவும் பிரிட்டிஷ் இந்திய அரசும் போட்டது. 999 வருடக் குத்தகை. கையெழுத்துப் போட்ட இரண்டு அரசுகளும் இன்று இல்லை, ஒப்பந்தம் மட்டும் இருக்கிறது.

● டெல்லிதான் போக வேண்டும் என்றில்லை. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த முதுகலை உண்டு. காசர்கோட்டில் கேரள மத்தியப் பல்கலைக்கழகமும் நடத்துகிறது. தென்காசிக்காரர்களுக்குத் தோதானது கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம்; அங்கே சர்வதேச உறவுகளுக்கும் அரசியலுக்கும் தனித் துறை இருக்கிறது. நள்ளிரவு வாக்கில் தென்காசியில் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாக விடிந்ததும் கோட்டயம். நேர் ரயில், மாற வேண்டியதில்லை.