ஒரே ஆட்டக்காரர், இரண்டு எண்கள் ஏன்?

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. சென்னை நந்தனத்தில் கோல்ஃப் திடல் உண்டு. பெங்களூரு கோல்ஃப் கிளப் 1876-இல் தொடங்கியது. ஒரே ஆட்டக்காரர் இரண்டு ஊரிலும் ஆடினால், அவருக்குக் கிடைக்கும் சலுகை அடிகள் (மொத்த அடிகளிலிருந்து கழிக்கப்படுபவை) மாறலாம். ஏன்?

2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறைப்படி, கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ன் சராசரியே ஒருவரின் குறியீட்டெண். அதில் திடலின் கடினம் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். எனவே அது ஆளின் திறமையை மட்டும் சொல்கிறது. ஆடப்போகும் திடலுக்கு ஏற்ப அதை மீண்டும் மாற்ற வேண்டும்: குறியீட்டெண்ணைத் திடலின் சரிவு மதிப்பால் (சாதாரண ஆட்டக்காரருக்குத் திடல் எவ்வளவு கடினம் என்ற எண்) பெருக்கி, நியமச் சரிவான 113-ஆல் வகுத்து, திடல் மதிப்பீட்டிலிருந்து பாரை (திடலுக்கு வகுத்த அடிகளை) கழித்து வருவதைக் கூட்ட வேண்டும்.

குறியீட்டெண் 18.0 என்று வையுங்கள். சரிவு 125, மதிப்பீடு 71.2, பார் 72 என்றால், முழு எண்ணாக்கினால் 19 அடிகள். சரிவு 105, மதிப்பீடு 69, பார் 70 என்றால் 16தான்.

அறிவிப்புப் பலகையில் பெயருக்கு எதிரே வெறும் '18' என்று எழுதினால் அது குறியீட்டெண்ணா, அந்தத் திடலுக்கான சலுகை அடியா என்று உறுப்பினருக்குத் தெரியாது. குறியீட்டெண்ணை எப்போதும் தசமப் புள்ளியோடும், கணக்கிட்ட தேதியோடும் எழுத வேண்டும். முதல் டீக்கு (ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு) அருகே, ஒவ்வொரு டீ நிறத்துக்கும் தனி அட்டவணை வைப்பதே சிறந்தது என்பேன். எந்தக் குழியில் சலுகை அடி என்பதை மதிப்பெண் அட்டையின் வரிசை எண் சொல்லும்: 19 அடி பெற்றவருக்கு எல்லாக் குழியிலும் ஒன்று, வரிசை எண் 1 உள்ள குழியில் மட்டும் இரண்டு.