ஐரிஷ் மூதாதையைத் தேடும் ஆங்கிலோ-இந்தியர்கள்

புது தில்லி: ஆங்கிலோ-இந்தியர் யார் என்பதை அரசியல் சட்டத்தின் 366 (2)-ஆவது பிரிவு வரையறுக்கிறது. தந்தையோ, தந்தை வழி ஆண் மூதாதையர் ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருத்தல் வேண்டும். இந்தியாவில் நிலையாக வாழ்ந்த பெற்றோருக்கு இங்கேயே பிறந்திருத்தலும் வேண்டும். ஆகவே, இச் சமூகத்தினருக்கு மூதாதையைத் தேடுவது பொழுதுபோக்கு அல்ல. சட்டம் கேட்கும் சான்றைத் தேடுவதாகும்.

பல குடும்பங்களில் அந்த மூதாதை அயர்லாந்துக்காரர். 1825 முதல் 1850 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ராணுவத்துக்குச் சேர்க்கப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஐரிஷ்காரர்கள்.

ஆனால், தேடலை அயர்லாந்தில் தொடங்குவோர் விரைவில் திகைத்து நிற்க நேரிடுகிறது. 1922 ஜூன் 30-ம் தேதி, உள்நாட்டுப் போரின்போது டப்ளின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரை நடந்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் ஏடுகள் பெரும்பாலும் அதில் அழிந்தன. 1861, 1871-ம் ஆண்டு ஏடுகளை அரசே முன்னர் அழித்துவிட்டது. அனைவருக்குமான பிறப்புப் பதிவு 1864-ல்தான் தொடங்கியது.

எஞ்சிய வழிகள் இரண்டு: ராணுவ ஏடுகள், சொத்து ஏடுகள்.

கம்பெனியின் ஆள்சேர்ப்பு, கப்பலேற்றப் பட்டியல்களில் சிப்பாயின் வயது, பழைய தொழில், பிறந்த ஊர், வந்த கப்பல் ஆகியவை காணக் கிடைக்கின்றன. வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் நகல்களும், இறந்த சிப்பாய்களின் உயில்களும் உடைமைப் பட்டியல்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

பிறந்த ஊர் தெரிந்துவிட்டால் சொத்து ஏடுகள் கைகொடுக்கும். 1847 முதல் 1864 வரை அயர்லாந்து முழுவதும் நடந்த 'கிரிஃபித் மதிப்பீடு', ஒவ்வொரு நிலத்தையும் வீட்டையும் வைத்திருந்த குத்தகைதாரர், அதன் உரிமையாளர், பரப்பு, மதிப்பு ஆகியவற்றைக் குறித்தது. கடல் கடந்த மகனின் பெயர் அதில் இல்லாவிட்டாலும், ஊரில் தங்கிய தந்தை அல்லது சகோதரனின் பெயர் இருக்கக்கூடும். 1708-ல் தொடங்கிய டப்ளின் பத்திரப் பதிவகமும் தீயில் சிக்கவில்லை. எனினும், அதில் ஏழைக் குத்தகைதாரரின் பெயர் கிடைப்பது அரிது.

சம்பளம் கொடுக்கவும் வரி விதிக்கவும் எழுதப்பட்ட ஏடுகளே இன்று வம்ச வரலாறாகின்றன. அவற்றில் காணப்படாதவர் இந்தியத் தாய். ஆரம்பகால ஞானஸ்நானப் பதிவுகள் பலவற்றில் சிப்பாயின் பெயர் மட்டுமே உண்டு. தாய் 'சுதேசிப் பெண்' என்பதோடு முடிந்துவிடுகிறார்.

மக்களவையில் இச் சமூகத்துக்கு இருந்த இரு நியமன இடங்கள் 104-வது திருத்தத்தால் 2020 ஜனவரியில் முடிவுக்கு வந்தன. 2011-ம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 296 ஆங்கிலோ-இந்தியர்களே உள்ளனர் என 2019 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியது. உண்மை எண்ணிக்கை பல மடங்கு அதிகம் என்பது சமூகத்தினரின் வாதம்.

இடங்கள் போயின, வரையறை நிற்கிறது. அன்று கம்பெனியின் எழுத்தர் தாயின் பெயரைக் கேட்கவில்லை. சுதந்திர இந்தியாவின் சட்டமும் இன்றுவரை தந்தை வழியை மட்டுமே கேட்கிறது.