ஆகாயத்தை அடைத்த நாள்

வைகாசி மாதத்துக் கருட சேவையன்று சின்ன காஞ்சிபுரத்தில் வசிப்பவர்கள் அவசரமாக எங்கேயும் புறப்படுவதில்லை. புறப்பட்டாலும் போய்ச் சேர முடியாது. விடியுமுன்பே வரதராஜப் பெருமாள் கருடன்மீது எழுந்தருளிப் பெரிய காஞ்சிபுரத்துக்குப் பிரயாணமாகிவிடுவார். அவர் திரும்பி வருகிற வரையில் பஸ்ஸும் லாரியும் வேறு வழியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதைப் பற்றி நம் ஊரில் யாரும் முறையிடுவதில்லை. பெருமாள் வருகிற வழியில் பஸ் நிற்பதுதானே மரியாதை!

ஆகவே, வழி அடைபடுகிற விஷயத்தில் நாம் நல்ல அநுபவசாலிகள் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாம் அறிந்ததெல்லாம் தெருவை அடைப்பதுதான். ஆகாயத்தையே அடைத்துவிடுகிற விந்தை உலகத்தில் சில இடங்களில் நடந்திருக்கிறது. அதுவும், சமயப் பெரியார் ஒருவரின் இறுதிச் சடங்குக்காக நடந்திருக்கிறது. அது சரிதானா, சரியென்றால் எந்த அளவுக்குச் சரி என்பதை நேயர்களுடன் சேர்ந்து சற்று யோசிக்க விரும்புகிறோம்.

ரோமாபுரியில்

போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 2005-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 2-ஆம் தேதி காலமானார். நல்லடக்கம் 8-ஆம் தேதி நடைபெற்றது. அந்த ஆறு நாட்களில் ரோமாபுரிக்கு வந்த ஜனங்கள் சுமார் நாற்பது லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். அவர் பிறந்த போலந்து தேசத்திலிருந்து மட்டும் ரயிலிலும் பஸ்ஸிலும் பல லட்சம் பேர் வந்து குவிந்தார்கள். உடலைத் தரிசிக்க நின்ற வரிசையில் சில சமயம் இருபத்து நாலு மணி நேரம்கூடக் காத்திருக்க நேர்ந்தது. வரிசையில் இனிமேல் புதிதாகச் சேர வேண்டாம் என்ற செய்தியை ஜனங்களின் கைபேசிகளுக்கு அரசாங்கத்தாரே அனுப்பினார்கள். இங்கிலாந்து இளவரசர் சார்லஸ் தமது கல்யாணத்தை 8-ஆம் தேதியிலிருந்து 9-ஆம் தேதிக்கு ஒத்தி வைத்தார். சாவுக்காகக் கல்யாணம் தள்ளிப்போவது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

அடக்கத்தன்று நான்கு ராஜாக்கள், ஐந்து ராணிகள், எழுபதுக்கு மேற்பட்ட ஜனாதிபதிகள், பிரதம மந்திரிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். நமது தேசத்தின் சார்பில் அப்போதைய உபஜனாதிபதி பைரோன் சிங் ஷெகாவத் சென்றிருந்தார். இத்தனை பேருடைய விமானங்களும் இறங்க இடம் வேண்டாமா? ரோமாபுரிக்கு இரண்டு விமான நிலையங்கள் உண்டு. கடலோரத்தில் உள்ள பெரியதற்கு பியூமிசினோ என்று பெயர். நகரின் தென்கிழக்கில் இருக்கும் சிறியதற்கு சியாம்பினோ என்று பெயர். அந்தச் சியாம்பினோவைச் சாதாரணப் பிரயாணிகளுக்கு மூடிவிட்டு, விருந்தாளிகளுக்கு ஒதுக்கினார்கள். நகரத்துக்கு மேலே எந்த விமானமும் பறக்கக் கூடாது என்று தடை விதித்தார்கள். போர் விமானங்கள் தயாராக நின்றன. நகரத்துக்குள் மோட்டார் வண்டிகளும் நிறுத்தப்பட்டன.

இருபது வருஷங்களுக்குப் பிறகு, போப்பாண்டவர் பிரான்ஸிஸ் 2025 ஏப்ரல் 21-ஆம் தேதி மறைந்தார். 26-ஆம் தேதி அடக்கத்தின்போதும் ரோமாபுரியின் ஆகாயம் அடைபட்டது. நம் ஜனாதிபதி திரௌபதி முர்முவும் போயிருந்தார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜனங்கள் வந்தது ரயிலிலும் பஸ்ஸிலும் நடந்தும். ஆகாயம் அடைபட்டது அவர்களுடைய நெருக்கத்தினால் அல்ல, அரசாளுகிறவர்களின் பத்திரத்துக்காக. அந்தப் பத்திரமும் வேண்டியதுதான். ஆனால், "சமயச் சடங்கினால் விமானங்கள் நின்றன" என்று சொல்லும்போது பழி பக்தர்மேல் விழுகிறதே, அது நியாயமாகாது.

இன்னொரு விதமான உதாரணமும் உண்டு. லெபனான் தேசத்தின் தலைநகரான பெய்ரூத்தில், ஹிஸ்புல்லா இயக்கத்தின் தலைவராக இருந்த மதகுரு ஹசன் நஸ்ரல்லாவின் இறுதி ஊர்வலம் 2025 பிப்ரவரி 23-ஆம் தேதி நடந்தது. அவருடைய அரசியலைப் பற்றி உலகத்தில் கடுமையான வேற்றுமைகள் உண்டு. அந்த விவகாரம் இந்தக் கட்டுரைக்கு வேண்டியதில்லை. அன்று பகல் 12 மணி முதல் 4 மணி வரையில் பெய்ரூத் விமான நிலையம் மூடியிருக்கும் என்று முன்கூட்டியே அறிவித்து, அவ்விதமே மூடினார்கள். பிரயாணிகளுக்கு மூடிய அந்த ஆகாயத்தில் இஸ்ரேலியப் போர் விமானங்கள் மட்டும் தாழப் பறந்து சென்றன. கதவைச் சாத்தினால் வீட்டு மனிதர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்!

ஒரு கதவு மூடினால்

நாலு மணி நேரம்தானே, இதில் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கலாம். பஸ்ஸாயிருந்தால் ஓரமாக நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போகலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? இறங்க வேண்டிய இடம் மூடியிருந்தால், கையிருப்பு எண்ணெய் தீருமுன் விமானம் வேறு ஊரைத் தேடிக்கொள்ள வேண்டும். அதோடும் தீரவில்லை. ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர்களுக்கிடையே ஓடுகிறது. காலையில் ஓரிடத்தில் இரண்டு மணி தாமதமானால், அந்த விமானத்துக்காக மாலையில் எங்கேயோ காத்திருக்கிறவர்களுக்கும் தாமதம். விமானிகள் இவ்வளவு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த நேரம் கடந்தால் பிரயாணமே ரத்தாகிவிடும்.

அவ்விதம் காத்திருக்கிறவர்களில் வியாபாரிகள் இருப்பார்கள். உல்லாசப் பிரயாணிகள் இருப்பார்கள். தகப்பனாருக்குக் கொள்ளி வைக்கப் போகும் பிள்ளை ஒருவனும் இருக்கலாம். ஐரோப்பாவில் அடக்கத்துக்கு ஒரு வாரம் காத்திருப்பது உண்டு. நம்மவர்கள் பெரும்பாலும் மறுநாள் பொழுது சாயுமுன் எடுத்துவிடுகிறார்கள். ஆகவே ஒரு பெரியவரின் இறுதிச் சடங்குக்காக அடைத்த வழி, பெயர் தெரியாத ஒருவரின் இறுதிச் சடங்கிலிருந்து அவர் பிள்ளையை விலக்கிவிடக்கூடும். இந்த விஷயத்தில் நம் மனத்தை உறுத்துகிற முள் இதுதான்.

அனந்தபுரத்து உதாரணம்

இதற்குப் பரிகாரம் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் பத்மநாப சுவாமிக்குப் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆக வருஷத்துக்கு இரண்டு முறை ஆராட்டு உற்சவம் நடக்கிறது. சுவாமி சங்குமுகம் கடற்கரைக்குச் சென்று சமுத்திர ஸ்நானம் செய்து திரும்புவார். திருவாங்கூர் ராஜகுடும்பத்தின் தலைவர் உருவிய வாளுடன் முன்னே நடப்பார். இந்த வழி மிகவும் பழையது. விமான நிலையம் 1932-இல்தான் தொடங்கியது. ஓடுபாதையோ சுவாமி போகும் வழிக்குக் குறுக்கே அமைந்திருக்கிறது. என்ன செய்வது?

சுவாமியின் வழியையும் மாற்றவில்லை. விமான நிலையத்தையும் பெயர்க்கவில்லை. உற்சவத்தன்று மாலையில் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிடுகிறார்கள். உதாரணமாக, 2022 நவம்பர் முதல் தேதி மாலை 4 மணியிலிருந்து இரவு 9 மணி வரையில் நிலையம் மூடியிருந்தது. சுவாமி ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போய், தீவட்டி வெளிச்சத்தில் அதே பாதையைக் கடந்து திரும்புகிறார். பிறகு பாதையைச் சோதித்துப் பார்த்து, விமானங்களை விடுகிறார்கள்.

இதில் நாம் மெச்சுவது என்னவென்றால், அங்கே தவிப்பு இல்லை. ஆராட்டுத் தேதி பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. விமானிகளுக்கு விடுக்கும் "நோட்டாம்" என்ற அறிக்கையும் முன்னதாகவே வெளியாகிவிடுகிறது. கம்பெனிகள் நேரத்தை மாற்றிப் பிரயாணிகளுக்குச் சொல்லிவிடுகின்றன. மரணம் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை என்பது உண்மையே. ஆனாலும் மரணத்துக்கும் அடக்கத்துக்கும் இடையே உள்ள நாட்களில் எவ்வளவோ சொல்லலாம். ரோமாபுரியில் ஆறு நாள் இருந்தது; பெய்ரூத்திலும் முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

நம் ஊரில் நடந்தது

ஊரார் குறையைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் குறையை மறைப்பது அழகல்ல. நாற்பது வருஷங்களுக்கு ஒரு முறை அனந்தசரஸ் புஷ்கரிணியிலிருந்து வெளியே எழுந்தருளும் அத்தி வரதர், 1979-க்குப் பிறகு 2019 ஜூலை முதல் தேதி தரிசனம் கொடுக்கத் தொடங்கினார். நாற்பத்தெட்டு நாள் உற்சவத்தில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். வண்டிகளை ஊருக்கு வெளியே நிறுத்தினார்கள். நெரிசலில் உயிரிழந்தவர்களும் உண்டு. அதை நினைத்தால் இப்போதும் மனம் கலங்குகிறது.

அந்த ஜூலை மாதத்தில் ஒரு நாள், நமக்கு அடுத்த தெருவில் வயதான நெசவாளர் ஒருவர் காலமானார். அறுபது வருஷம் தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவர். அவருடைய பிள்ளை நம்மிடம் படித்தவன், சிங்கப்பூரில் வேலையாயிருந்தான். செய்தி கேட்டதும் கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டான். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரம். சென்னையிலிருந்து ஊர் எல்லைக்கு இரண்டு மணி நேரம். ஊர் எல்லையிலிருந்து வீட்டு வாசலுக்கு மூன்றரை மணி நேரம்!

பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாம் எதிர்கொண்டு அழைத்து வரப் புறப்பட்டோம். தடுப்புக் கட்டைக்கு அந்தப் பக்கம் பையும் கையுமாக அவன் நின்றுகொண்டிருந்தான். காவலுக்கு நின்றவர் வெளியூர்க்காரர். "எல்லாரும் ஒவ்வொரு காரணம் சொல்றாங்க, தம்பி. நான் யாரை நம்பறது?" என்றார். அவர்மேல் குற்றமில்லை. காலையிலிருந்து எத்தனை பொய்களைக் கேட்டாரோ!

அப்போது வரிசையில் நின்ற ஒரு கிழவி, எந்த ஊரோ தெரியாது, பின்னால் திரும்பி உரக்கச் சொன்னாள்: "வழி விடுங்கப்பா! அந்தப் பிள்ளை அப்பனைப் பறிகொடுத்துட்டு வருது. பெருமாள் எங்கேயும் போயிட மாட்டாரு."

வரிசை விலகியது. விடியற்காலையிலிருந்து இடத்தை விடாமல் நின்றவர்கள், ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கி வழி கொடுத்தார்கள். காவல்காரர் கட்டையைத் தாமே தூக்கிப் பிடித்தார். அதன் பிறகும் எத்தனையோ கூட்டத்தைக் கடக்க வேண்டியிருந்தது. மூன்று மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தோம். அவன் தகப்பனார் முகத்தைப் பார்த்தான்.

சில நாள் கழித்து நம்மிடம் வந்தபோது, "கடலைத் தாண்டி வந்துட்டேன், சார். நம்ம தெருவைத்தான் தாண்ட முடியலே" என்றான். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அன்று கருணை இருந்தது; ஏற்பாடு இல்லை. அந்தக் கிழவி வேறொரு வரிசையில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பெருமாளும் காத்திருப்பார்

கோயில் உள்ள ஊர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. சந்நிதித் தெருவிலோ மாட வீதியிலோ ஓர் உயிர் பிரிந்தால், உடலை எடுக்கும் வரையில் சுவாமி புறப்பாடு நிற்கும். இதைத் தீட்டு என்று மட்டும் எண்ணியிருந்தோம். அந்த ஜூலை மாதத்துக்குப் பிறகு வேறு விதமாகவும் தோன்றுகிறது. இறந்தவன் ஏழையானாலும், அவனை எடுக்கிற வரையில் தெய்வம் காத்திருக்கிறது. மனிதருக்காகத் தெய்வமே காத்திருக்கிற ஊரில், பெரியவர்களின் ஊர்வலம் ஒரு பிள்ளைக்கு வழிவிடுவதில் என்ன குறைவு?

ஆகவே நாம் சொல்வது இதுதான். மகான்களின் கடைசிப் பிரயாணத்துக்காகத் தெருவை அடைக்கட்டும். அவசியமானால் ஆகாயத்தையும் அடைக்கட்டும். ஆனால் முன்னதாகச் சொல்லிவிட்டு அடைக்கட்டும். சொன்ன நேரத்தில் திறக்கட்டும். வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கும் சாவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு தனி வழி வைத்துவிட்டு அடைக்கட்டும். விமான நிலையமானால், நின்றுபோன பிரயாணிகளில் அப்படிப்பட்டவர்கள் யார் என்று முதலில் விசாரித்து, திறந்தவுடன் புறப்படும் விமானத்தில் அவர்களுக்கு இடம் கொடுக்கட்டும். இதற்குப் பணம் வேண்டாம். ஓர் ஆளும் ஒரு நாற்காலியும் போதும்.

நம் ஜில்லாவிலுள்ள பரந்தூரில் புதிய விமான நிலையம் வரும் என்று 2022-இல் அறிவித்தார்கள். நிலத்தை இழக்கும் ஏகனாபுரம் முதலிய கிராமத்தார் வேண்டாமென்று போராடியதும் நேயர்களுக்குத் தெரியும். அது தனி விஷயம். வந்தால், ஆகாயத்தை அடைக்கிற கேள்வி ஒரு நாள் நம் ஊர் வாசலுக்கும் வரும்.

கருட சேவையன்று கோபுர வாசலில் பெருமாளைக் குடைகளால் ஒரு கணம் மறைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வருஷந்தோறும் சோளிங்கபுரத்திலிருந்து தரிசனத்துக்கு வந்துகொண்டிருந்த தொட்டாசாரியார் என்ற பெரியவரால் ஒரு வருஷம் பிரயாணம் செய்ய முடியாமல் போயிற்றாம். பெருமாள் அந்தக் கணத்தில் சோளிங்கபுரத்துக்கே சென்று அவருக்குச் சேவை தந்தார் என்பது ஐதிகம். லட்சம் பேர் எதிரே கூடியிருக்கும்போது, வர முடியாமற்போன ஒருவருக்காக நம் பெருமாள் இன்றும் ஒரு கணம் ஒதுக்குகிறார்.

வழியை அடைக்கிறவர்கள் அந்த ஒரு கணத்தை நினைத்துக்கொண்டால் போதும்.