பள்ளிக்கூடம் கட்டிய போர்வீரர்

போர்க்களத்திலே பெற்ற புகழைக் காசாக்கிச் செல்வம் திரட்டியோரை உலகம் பலமுறை கண்டிருக்கிறது. செல்வம் தம் வாசல் தேடி வந்தபோது அதனைத் திருப்பியனுப்பிவிட்டு, தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வேண்டுமென ஊரூராய்ச் சென்று பொருள் வேண்டி நின்ற உழவர் ஒருவரைப் பற்றியே இன்று நாம் கூற வந்தோம். முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிலே பெரும்புகழ் ஈட்டிய அல்வின் யோர்க் என்பவரே அவர்.

மலையகத்து உழவர் மகன்

அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், உல்ஃப் ஆற்றுப் பள்ளத்தாக்கிலே போல் மோல் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே, 1887ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 13ஆம் திகதி, பதினொரு பிள்ளைகளுள் மூன்றாமவராய் யோர்க் பிறந்தார். தந்தையார் சிறு நிலத்தை உழுதும் கொல்லுலையில் இரும்படித்தும் குடும்பத்தைக் காத்தவர். பண்ணை வேலை ஓய்ந்த நாட்களிலே மட்டும் பள்ளி சென்ற சிறுவருக்கு வாய்த்த படிப்பு மிகச் சொற்பம். ஆனால் ஏர் பிடிக்கவும் துப்பாக்கியால் குறி தவறாது சுடவும் அவர் இளமையிலேயே கற்றுக்கொண்டார். வேட்டை அங்கே விளையாட்டன்று, வீட்டின் உணவு.

1911இல் தந்தையார் இறந்தார். மூத்த தமையன்மார் இருவரும் மணமுடித்துத் தனியே சென்றிருந்தமையால், தாயையும் இளையோரையும் காக்கும் சுமை அல்வினின் தோள்மேல் விழுந்தது. உழைப்பிலே அவர் குறை வைக்கவில்லை. ஆயினும் குடியும் சூதும் சண்டையும் அவரைப் பற்றியிருந்தன. தாயின் கண்ணீரும், அயல் வீட்டுப் பெண்ணான கிரேசியின்மேற் கொண்ட அன்பும் அவரை மெல்ல மெல்ல மாற்றின. 1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் மதுவை விட்டொழித்து, கொலை செய்யாதே என்னும் கட்டளையை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிக்கும் சிறியதொரு திருச்சபையிலே சேர்ந்தார்.

மனச்சான்றின் போராட்டம்

அதன்பின் இரண்டாண்டுகளிலே அமெரிக்கா போரில் இறங்கிற்று. 1917 ஜூன் 5ஆம் திகதி படைக்குப் பெயர் பதிந்தபோதே, தமக்குப் போரிட விருப்பமில்லை என்று யோர்க் எழுதிக் கொடுத்தார். விலக்குக் கோரிய அவருடைய மனுக்கள் தள்ளப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் அவர் படைமுகாம் புகுந்தார். குறிபார்த்துச் சுடுவதில் அவரை விஞ்சுவார் அரிது. ஆனால் மனிதரைச் சுடுவது பாவமென்பதே அவர் கொள்கை.

அவருடைய மேலதிகாரிகளான கப்டன் டான்ஃபோர்த்தும் மேஜர் பக்ஸ்டனும் அவரை இகழவுமில்லை, தண்டிக்கவுமில்லை. வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு, இரவு நெடுநேரம் அவருடன் உரையாடினர். பின்னர் பத்து நாள் விடுமுறை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினர். யோர்க் தம் ஊர் மலைமீது தனித்திருந்து பிரார்த்தித்தார். நாட்டுக்காகப் போரிடுதல் தகும் என்னும் முடிவோடு திரும்பினார். அவர் கண்ட முடிவை எல்லோரும் ஏற்கமாட்டார்கள். எனினும் அதனை அவர் எளிதாகப் பெற்றுவிடவில்லை என்பதை யாவரும் ஒப்புவர்.

1918 ஒக்டோபர் 8ஆம் திகதி, பிரான்சின் ஆர்கோன் காட்டிலே, பதினேழு பேர் கொண்ட அமெரிக்கச் சிறுபடை ஜேர்மானியரின் பின்புறமாகச் சென்று ஒரு கூட்டத்தாரைச் சிறைப்படுத்திற்று. அவ்வேளை குன்றின்மேலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. அறுவர் மாண்டனர், மூவர் காயமுற்றனர். எஞ்சிய எண்மருக்கும் யோர்க்கே தலைவரானார். மேட்டிலே தலை தெரியுந்தோறும் அவர் குறிவைத்துச் சுட்டார். ஆறு வீரர் துப்பாக்கி முனையில் ஈட்டியோடு ஒருவர்பின் ஒருவராய்ப் பாய்ந்து வந்தபோது, கைத்துப்பாக்கியால் கடைசியில் வந்தவரை முதலிலே வீழ்த்தினார். காட்டு வான்கோழிகளை அவ்வாறு சுடுவதே அவர் ஊர் வழக்கம்; முன்னாலுள்ளது விழுந்தால் ஏனையவை கலைந்துவிடும். ஈற்றில் ஜேர்மானிய அதிகாரி சரணடைந்தார். பாசறைக்கு வந்து எண்ணியபோது சிறைப்பட்டோர் 132 பேர்!

மறுநாள் யோர்க் அவ்விடத்துக்கு மீண்டுஞ் சென்றார். உயிரோடு எவரேனும் கிடப்பரோ எனத் தேடினார். ஒருவருமில்லை. இருதரப்பிலும் மாண்டோர்க்காக அங்கே பிரார்த்தித்துத் திரும்பினார். அன்றைய புகழ் யோர்க் ஒருவருக்கே உரியதன்று என்று உடனிருந்தோர் சிலர் பிற்காலத்திற் கூறியதையும் நாம் மறைத்தல் முறையன்று.

வீடு திரும்பியவர்

நாட்டின் அதியுயர் வீரப்பதக்கத்தோடு 1919 மே மாதம் அவர் நியூயோர்க்கில் வந்திறங்கியபோது வீதிகள் நிரம்பி வழிந்தன. நாடக மேடையும் திரைப்படமும் விளம்பரமும் பணத்தோடு காத்து நின்றன. அவர் அனைத்தையும் மறுத்து ஊர் திரும்பினார். ஜூன் 7ஆம் திகதி கிரேசியை மணந்தார். அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். சிலரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தனர். மகன் ஒருவருக்கு அந்த மேஜர் பக்ஸ்டனின் பெயரையே சூட்டினர் என்பது நன்றி மறவாமைக்குச் சான்று.

அன்பர்கள் பரிசாக வாங்கித் தந்த பண்ணையின் விலை முற்றாகச் செலுத்தப்படாதிருந்தமையால், அப்பரிசே அவருக்குக் கடனாய் முடிந்தது. அத்தகைய நிலையிலும் அவர் நினைவெல்லாம் பள்ளிக்கூடத்தின் மேலேயே இருந்தது. கடல் கடந்து சென்றபோதுதான் தம் கல்விக் குறை எத்துணை பெரிதென அவர் உணர்ந்தார். மலைப்பிள்ளைகளுக்கு அக்குறை நேரலாகாதென உறுதி பூண்டு, நாடெங்குஞ் சொற்பொழிவாற்றிப் பொருள் சேர்த்தார். 1926இல் ஜேம்ஸ்ரவுன் நகரிலே அவர் பெயரால் ஒரு விவசாயக் கல்விக்கூடம் நிறுவப்பட்டது. சம்பளமின்றி உழைத்தார், தொலைவிலுள்ள பிள்ளைகளை ஏற்றிவரும் பஸ்களுக்காகத் தம் பண்ணையையே ஈடுவைத்தார். 1937இல் மாநில அரசு கல்விக்கூடத்தைப் பொறுப்பேற்றது.

தம் வாழ்வு திரைப்படமாவதற்கு அவர் இறுதியில் இசைந்ததும் வேதாகமப் பள்ளியொன்றுக்குப் பொருள் வேண்டியே. 1941இல் வெளிவந்த அப்படத்தில் அவராக நடித்த கேரி கூப்பர் ஒஸ்கார் விருது பெற்றார். ஆனால் அவ்வருவாய்க்குரிய வரிக் கடன் யோர்க்கை முதுமையில் வருத்திற்று. 1961இல் பொதுமக்கள் தந்த நன்கொடையாலேயே அது தீர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் மீண்டும் படையிற் சேர முன்வந்தார். வயதும் உடல்நிலையும் தடுத்தன. தம் மாவட்டத்தின் படைச்சேர்ப்புக் குழுவுக்குத் தலைவரானார். ஒருகாலத்தில் விலக்குக் கேட்டு மனு எழுதிய அதே கை, அயலவர் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பும் தாள்களைப் பிடிக்க நேர்ந்தது.

நோயினாற் பல ஆண்டுகள் படுக்கையிலிருந்து, 1964 செப்டெம்பர் 2ஆம் திகதி யோர்க் காலமானார். பிறந்த பள்ளத்தாக்கிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். கிரேசி அம்மையார் 1984 வரை வாழ்ந்தார்.

ஆர்கோன் குன்றிலே ஒரு காலைப்பொழுதில் அவர் செய்ததை உலகம் அறியும். பள்ளிக்கூடத்துக்காக அவர் பட்ட பாடோ பல்லாண்டுக் காலத்தது. அக்கல்விக்கூடம் இன்றும் இயங்குகிறது. காலை தோறும் புத்தகப் பையுடன் அங்கே நுழையும் பிள்ளைகள், யோர்க்குக்குக் கிடைக்காத கல்வியை அவராற் பெறுகிறார்கள். பதக்கத்தினும் மேலான நினைவுச் சின்னம் அதுவே என நாம் எண்ணுகின்றோம்.